துருவப் பகுதிகளில் தரையை எட்டும் சூரியக் கதிர்வீச்சு: காலநிலை மாதிரிகளை எதைக்கொண்டு, எப்படி மதிப்பிடுவது?

கேள்வி
எழுதியவர்: வெண்பனி

காலநிலை மாதிரிகளின் ஒப்பீட்டுத் திட்டத்தின் ஆறாம் கட்டத்தில், அதாவது சிமிப்6-இல், பங்கேற்ற மாதிரிகள் துருவப் பகுதிகளில் தரையை வந்தடையும் சூரியக் கதிர்வீச்சை எவ்வளவு சரியாகக் காட்டுகின்றன என்பதை ஆய்வேட்டின் ஓர் இயலுக்காக மதிப்பிட்டு வருகிறேன். மாதிரிகளின் வெளியீட்டில் ‘ஆர்.எஸ்.டி.எஸ்.’ என்று குறிக்கப்படும் கீழ்நோக்கிய குற்றலைக் கதிர்வீச்சின் மாதச் சராசரியை எடுத்துக்கொண்டு, அதை இரண்டு வகையான தரவுகளோடு ஒப்பிடுகிறேன். முதலாவது, பி.எஸ்.ஆர்.என். என்னும் தரைக் கதிர்வீச்சு அளவீட்டு வலையமைப்பின் துருவ நிலையங்கள்: வடக்கே அலாஸ்காவின் பேரோ, ஸ்வால்பார்டின் நீ-ஓலெசுண்ட், கனடாவின் அலெர்ட், தெற்கே நியூமாயர், சியோவா, டோம் சி, தென்துருவம். இரண்டாவது, செயற்கைக்கோள்களில் உள்ள செரெஸ் கருவிகளை அடிப்படையாகக் கொண்டு 2000 மார்ச் முதல் கிடைக்கும் ஈ.பி.ஏ.எஃப். தரவுத்தொகுப்பின் தரைப்பகுதி.

கோடை மாதங்களுக்கு எல்லா நிலையங்களையும் சேர்த்துச் சராசரி எடுத்தால், நான் முதலில் எடுத்துக்கொண்ட மாதிரியின் விலகல் ஏறக்குறைய சுழியாக வருகிறது. நெறியாளர் இதை நல்ல முடிவாகக் கருதுகிறார். எனக்கோ அப்படி எழுத மனம் ஒப்பவில்லை. நிலையம் நிலையமாகப் பார்த்தால் கடலோரத்தில் மாதிரி அதிகமாகவும், அண்டார்க்டிகாவின் உட்பகுதியில் குறைவாகவும் காட்டுகிறது. செயற்கைக்கோள் தரவோடு ஒப்பிட்டால் இரண்டு நிலையங்களில் விலகலின் குறியே மாறிவிடுகிறது. இளவேனிலிலும் இலையுதிர் காலத்திலும் விழுக்காட்டுக் கணக்கில் பெரிய பிழைகள் வருகின்றன. அவற்றை நம்புவதா, ஒதுக்குவதா என்று தெரியவில்லை.

என் ஐயங்கள் மூன்று. நிலையமும் செயற்கைக்கோளும் முரண்படும் இடத்தில் எதை ஆதாரமாகக் கொள்வது? சுழிக்கு அருகிலுள்ள விலகலை மாதிரியின் திறமைக்குச் சான்றாகக் கொள்ளலாமா? கீழ்நோக்கிய கதிர்வீச்சை மட்டும் பார்த்தால் போதுமா, அல்லது வேறு எந்த அளவுகளை உடன்வைத்துப் பார்க்க வேண்டும்? இத்துறையில் வேலை செய்தவர்கள் விரிவாகச் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.


மறுமொழி
எழுதியவர்: கதிரளவி

உங்கள் முதல் ஐயத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் என் வேலை அளவீட்டுப் பக்கத்தைச் சேர்ந்தது.

முரண்பாடு என்று வந்தால் நான் நிலையத்தின் பக்கமே நிற்பேன். ஆனால் அந்த நிலையத்தின் எண்ணை முதலில் நாமே சோதித்துப் பார்த்த பிறகுதான். ஈ.பி.ஏ.எஃப். தரவின் வளிமண்டல உச்சிப் பகுதி உண்மையான அளவீட்டிலிருந்து வருவது. அதன் தரைப்பகுதி அப்படியல்ல. மேகம், நுண்துகள், நீராவி, தரையின் எதிரொளிதிறன் (விழும் ஒளியில் தரை திருப்பியனுப்பும் பங்கு) ஆகியவற்றை உள்ளீடாகக் கொண்டு, உச்சியில் அளந்த மதிப்போடு பொருந்தும்படி சரிசெய்து கணக்கிடப்பட்ட மதிப்பு அது. வெண்மையான, குளிர்ந்த பனிப்பரப்பின்மேல் வெண்மையான, குளிர்ந்த மேகத்தைச் செயற்கைக்கோள் பிரித்தறிவது கடினம் என்பதால், அந்த உள்ளீடு எங்கே மிகவும் வலுவிழக்கிறதோ அந்த இடத்தைத்தான் நீங்கள் ஆராய எடுத்திருக்கிறீர்கள்.

பி.எஸ்.ஆர்.என். நிலையங்களில் மொத்தக் கதிர்வீச்சு இரண்டு வழிகளில் கிடைக்கிறது. நிழலிடப்படாத ஒரு பைரனோமீட்டர் மொத்தத்தையும் நேரடியாக அளக்கிறது. அதனுடன், சூரியனைப் பின்தொடரும் தாங்கியில் பொருத்தப்பட்ட பைர்ஹீலியோமீட்டர் நேர்க்கதிரையும், நிழலிடப்பட்ட மற்றொரு பைரனோமீட்டர் சிதறிய கதிரையும் தனித்தனியே அளக்கின்றன. இரண்டு வழிகளும் கிடைக்கும்போது கூட்டுத்தொகையையே எடுத்துக்கொள்ளுங்கள். சாய்வாக வரும் ஒளிக்குப் பைரனோமீட்டரின் துலங்கல் பிசகும். துருவத்தில் ஒளி எப்போதுமே சாய்வாகத்தான் வருகிறது. தென்துருவத்தில் சூரியன் ஒருபோதும் 23.5 பாகைக்கு மேல் ஏறுவதில்லை. இரண்டு வழிகளும் தமக்குள் எவ்வளவு ஒத்துப்போக வேண்டும் என்ற வழக்கமான தரச்சோதனை, சூரியனின் உச்சிக்கோணம், அதாவது தலைக்கு நேர் மேலிருந்து சூரியன் விலகியிருக்கும் கோணம், 75 பாகைக்குள் இருக்கும்போது 8 விழுக்காடு வேறுபாட்டையும், அதைத் தாண்டினால் 15 விழுக்காடு வேறுபாட்டையும் அனுமதிக்கிறது. துருவத் தரவின் பெரும்பங்கு இந்தத் தளர்ந்த வரம்புக்குள்தான் விழுகிறது. ஆகவே சோதனையில் தேறிய தரவு என்பதாலேயே அது துல்லியமான தரவு ஆகிவிடாது.

கருவியின் மட்டம் எவ்வளவு முக்கியம் என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். சூரியன் 50 பாகை உயரத்தில் இருக்கும்போது, கருவி சூரியனை நோக்கி ஒரு பாகை சாய்ந்திருந்தால் நேர்க்கதிரின் பங்கு ஏறத்தாழ 1.5 விழுக்காடு கூடும். சூரியன் 10 பாகை உயரத்தில் இருந்தால் அதே சாய்வு ஏறத்தாழ 10 விழுக்காடு கூட்டிவிடும். நியூமாயர் போன்ற நிலையங்கள் மிதக்கும் பனித்தட்டின் மேல் நிற்பவை. அங்கே பனி குவிவதும் தாங்கிகள் அசைவதும் இயல்பு. தென்துருவத்தில் இதைக் கண்டுபிடிக்க அருமையான வழி ஒன்று உண்டு. அங்கே சூரியன் நாள் முழுவதும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் வட்டமிடுவதால், தெளிந்த வானமுள்ள நாளின் நிமிட அளவீடுகளை வரைந்தால் கோடு தட்டையாக இருக்க வேண்டும். அதில் 24 மணி நேர அலை ஒன்று தென்பட்டால் கருவி சாய்ந்திருக்கிறது என்று பொருள். அந்தச் சாய்வின் விளைவு நாள் சராசரியில் பெரும்பாலும் தானாகவே அழிந்துவிடும். கடலோர நிலையங்களில் நாளின் ஒரு பக்கத்தில் மட்டும் சூரியன் உயர்ந்து நிற்பதால் அவ்வாறு அழியாது. மாதச் சராசரியை மட்டும் இறக்கிக்கொள்பவர்கள் இதையெல்லாம் பார்க்கவே முடியாது என்பதால், ஒரு நிலையத்துக்காவது நிமிடத் தரவை எடுத்து வரைந்து பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பைரனோமீட்டரை மூடியிருக்கும் கண்ணாடிக் கவிகையில் உறைபனி படிவது இன்னொரு தொல்லை. நேர்க்கதிரைத் தடுத்து அளவைக் குறைக்கவும், ஒளியைச் சிதறடித்து அளவைக் கூட்டவும் அதனால் முடியும். இதனை ஆராய்வதற்கென்றே 2017 ஆகஸ்ட் முதல் 2018 ஜூலை வரை பேரோவில், காற்றோட்டமும் வெப்பமூட்டலும் கொண்ட பல கருவி அமைப்புகளை அருகருகே நிறுத்தி ஒப்பிட்டார்கள். இதோடு, தெளிந்த வறண்ட வானத்துக்குக் கவிகை வெப்பத்தை இழந்து குளிர்வதால், சூரியனே இல்லாத நேரத்திலும் பைரனோமீட்டர் சில வாட் எதிர்மறை மதிப்பைக் காட்டும். அதே குறைவு பகலிலும் தொடர்கிறது என்பதால், திருத்தப்பட்ட தரவா என்று ஒவ்வொரு நிலையத்துக்கும் பார்த்துக்கொள்வது நல்லது.

இளவேனில் பிழைகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அங்கே நான் முதலில் ஐயப்படுவது மாதிரியை அல்ல, விடுபட்ட நாள்களை. நீ-ஓலெசுண்டின் அகலாங்கில் வளிமண்டல உச்சியில் விழும் நாள் சராசரிக் கதிர்வீச்சு, மார்ச் 1 அன்று சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 13 வாட். மார்ச் 31 அன்று அது ஏறத்தாழ 135 வாட். ஒரே மாதத்துக்குள் பத்து மடங்கு உயர்வு. மாதத் தொடக்கத்தில் ஒரு வாரத் தரவு விடுபட்டு, கிடைத்த நாள்களை மட்டும் சராசரி எடுத்தால், நிலையம் தன் உண்மையான அளவைவிட மிகுதியாகக் காட்டும். மாதிரி குறைத்துக் காட்டுவதாகப் பழி ஏற்கும். ஒவ்வொரு நாளின் அளவையும் அந்நாளின் உச்சிக் கதிர்வீச்சால் வகுத்து, அந்த விகிதத்தைச் சராசரி எடுத்து, விடுபட்ட நாள்களை அதைக்கொண்டு நிரப்பினால் இந்தப் பழி பெருமளவு நீங்கும்.


மறுமொழி
எழுதியவர்: முகில்நோக்கி

கதிரளவி சொன்னவை எல்லாம் செய்யப்பட்டு, நிலையத்தின் எண் சரியென்றே வைத்துக்கொள்வோம். உங்கள் இரண்டாம் ஐயமே இந்த இயலின் உயிர்நாடி என்று நான் நினைக்கிறேன். சுழிக்கு அருகிலுள்ள விலகலைத் திறமைக்குச் சான்றாக எழுதாதீர்கள். பனியால் மூடப்பட்ட பரப்பின் மேல் அது எதற்கும் சான்றாகாது.

வேறு எங்கும் கீழ்நோக்கிய கதிர்வீச்சு என்பது பெரும்பாலும் சூரியனும் வளிமண்டலமும் முடிவுசெய்யும் அளவு. பனிப்பரப்பின் மேல் தரையும் அதில் பங்கெடுக்கிறது. புதுப்பனி, தன்மேல் விழும் ஒளியில் 80 முதல் 90 விழுக்காட்டை மேலே திருப்பியனுப்புகிறது. அதில் ஒரு பகுதியை மேகத்தின் அடிப்பகுதி மறுபடியும் கீழே அனுப்புகிறது. பனி அதையும் மேலே அனுப்புகிறது. எதிரெதிரே வைத்த இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே நிற்பதைப்போல ஒளி இவ்விரண்டுக்கும் இடையே மாறி மாறிப் போய்வருகிறது. எளிமைக்காக, மேகம் ஒளியை உறிஞ்சுவதில்லை என்றும், தன்மேல் விழுவதில் ஒரு பங்கைத் திருப்பி எஞ்சியதை ஊடுருவவிடுகிறது என்றும் கொள்வோம். அப்போது தரையை எட்டும் அளவு, மேகம் ஊடுருவவிடும் பங்கை, ஒன்றிலிருந்து மேகத்தின் திருப்புதிறனும் தரையின் எதிரொளிதிறனும் பெருக்கிய மதிப்பைக் கழித்து வருவதால் வகுத்தால் கிடைக்கும்.

இப்போது எண்களைப் போட்டுப் பாருங்கள். மேகத்தின் உச்சியில் சதுர மீட்டருக்கு 360 வாட் விழுகிறது. உண்மை உலகில் மேகத்தின் திருப்புதிறன் 0.5, பனியின் எதிரொளிதிறன் 0.8 எனில், தரையை எட்டுவது 360 பெருக்கல் 0.5, வகுத்தல் 0.6, அதாவது 300 வாட். ஒரு மாதிரியில் மேகம் மெலிந்து திருப்புதிறன் 0.4 ஆகவும், பனி அழுக்கடைந்து எதிரொளிதிறன் 0.7 ஆகவும் இருக்கிறது என்போம். இரண்டுமே தவறு. அந்த மாதிரியில் தரையை எட்டுவது 360 பெருக்கல் 0.6, வகுத்தல் 0.72. விடை அதே 300 வாட். உங்கள் படத்தில் இந்த மாதிரி குறையே இல்லாததாக நிற்கும். ஆனால் தரை உறிஞ்சும் அளவைப் பாருங்கள்: உண்மையில் 300-இல் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 60 வாட், மாதிரியில் 90 வாட். பனியை உருக்கும் ஆற்றலில் 50 விழுக்காடு மிகை. அதைக் கீழ்நோக்கிய கதிர்வீச்சு கொஞ்சமும் காட்டிக்கொடுக்கவில்லை.

இதிலிருந்து உங்கள் மூன்றாம் ஐயத்துக்கும் விடை கிடைத்துவிடுகிறது. மேல்நோக்கிய தரைக் கதிர்வீச்சான ‘ஆர்.எஸ்.யூ.எஸ்.’ அளவை அவசியம் உடன்வைத்துப் பாருங்கள். மேலே சொன்ன கணக்கில் வளிமண்டல உச்சியிலிருந்து விண்வெளிக்குத் திரும்புவது உண்மையில் 300 வாட், மாதிரியில் 270 வாட். செரெஸ் கருவி உண்மையாகவே அளப்பது இந்த அளவைத்தான் என்பதால், ஈ.பி.ஏ.எஃப். தரவின் வலுவான பகுதி உங்களுக்கு மிகவும் பயன்படும் இடம் இதுவே. தரைக்கு நிலையம், உச்சிக்குச் செயற்கைக்கோள் என்று இரண்டு முனைகளையும் பிடித்துக்கொண்டால், ஈடுசெய்யும் பிழைகள் ஒளிந்துகொள்ளும் இடம் வெகுவாகக் குறுகிவிடும்.

அடுத்ததாக, மேகமற்ற வானத்துக்கான அளவைத் தனியே ஒப்பிடுங்கள். டோம் சி 3,233 மீட்டர் உயரத்தில், மிகவும் வறண்ட, நுண்துகள் அரிதான காற்றின் கீழ் இருக்கிறது. அங்கே மேகமற்ற வானத்தின் விலகல் பெரிதாக இருந்தால், மாதிரியின் நீராவி, ஓசோன், கதிர்வீச்சுக் கணக்கீட்டு முறை ஆகியவற்றில் ஏதோ பிசகு இருக்கிறது என்று பொருள். மேகத்தின் மேல் பழி போட வழியில்லை. இதில் ஒரு கவனம் தேவை. மாதிரி தன் மேகமற்ற அளவை, ஒவ்வொரு கணக்கீட்டுப் படியிலும் மேகத்தை நீக்கிவிட்டு, மற்ற எல்லாவற்றையும் அப்படியே வைத்துக் கணக்கிடுகிறது. அளவீட்டிலோ வானம் உண்மையாகவே தெளிந்திருந்த நேரங்கள் மட்டுமே கிடைக்கின்றன. அந்த நேரங்களின் காற்று இயல்பாகவே வறண்டது. ஈ.பி.ஏ.எஃப். 4.1 பதிப்பிலிருந்து மாதிரியின் வரையறைக்கு ஒத்துவரும்படி சரிசெய்த மேகமற்ற அளவும் தரப்படுகிறது. எதை எடுத்தீர்கள் என்பதை இயலில் தெளிவாகக் குறிப்பிட்டுவிடுங்கள்.

கடலோரத்தில் மாதிரி மிகுதியாகக் காட்டுகிறது என்றீர்கள். அது எனக்கு வியப்பளிக்கவில்லை. தென்பெருங்கடலின் மேல் மாதிரிகள் சூரிய ஒளியை அளவுக்கு அதிகமாகத் தரைக்கு விடுவது சிமிப் திட்டத்தின் முந்தைய கட்டங்களிலிருந்தே அறியப்பட்ட குறை. சுழிக்குக் கீழே பல பாகை குளிர்ந்த பின்னும் அங்குள்ள தாழ்மேகங்களில் நீர் உறையாமல் துளிகளாகவே நீடிக்கிறது. நுண்துளிகள் ஒளியை வலுவாகத் திருப்புகின்றன. மாதிரிகளோ அந்த நீரை விரைவாகப் பனித்துகள்களாக மாற்றிவிட, துகள்கள் பெரிதாகி விழுந்துவிட, மேகம் மெலிந்துபோகிறது. 2006-இல் ஏவப்பட்ட கலிப்சோ செயற்கைக்கோளின் லேசர் அளவீடு, உறையாத நீர் அங்கே எவ்வளவு பரவலாக இருக்கிறது என்பதைத் தெளிவாகக் காட்டியது. 2018-இன் தொடக்கத்தில் சாக்ரட்டீஸ் என்னும் வான்வழி ஆய்வுத் திட்டம் அதே மேகங்களுக்குள் விமானத்தைச் செலுத்தி அளந்தது. சிமிப்6 மாதிரிகள் பலவற்றில் இது திருத்தப்பட்டிருக்கிறது. அந்தத் திருத்தத்துக்குப் பின்விளைவும் உண்டு: வெப்பமடையும் உலகில் பனித்துகள் நீராக மாறி மேகம் பிரகாசமடைவதால் வரும் தணிப்பு அத்தகைய மாதிரிகளில் குறைந்துவிட்டது. சிமிப்6-இன் சில மாதிரிகள் கரியமில வாயுவுக்கு மிகையாகத் துலங்குவதற்குச் சொல்லப்படும் காரணங்களில், இப்பகுதித் தாழ்மேகங்களின் பின்னூட்டம் முதன்மையானது. ஆகவே நீங்கள் அளந்துகொண்டிருக்கும் விலகல், நூற்றாண்டு இறுதியின் வெப்பநிலைக் கணிப்போடு நேரடித் தொடர்புடையது. இதை இயலின் முன்னுரையில் சொல்வதற்குத் தயங்க வேண்டாம்.


வெண்பனி (கேட்டவர்)

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. 300 வாட் கணக்கைப் படித்தவுடன், அண்டார்க்டிகாவின் உட்பகுதி நிலையங்களுக்கு மேல்நோக்கிய கதிர்வீச்சையும் இறக்கி ஒப்பிட்டேன். என் மாதிரியின் பனி அங்கே நிலையம் காட்டுவதைவிட மங்கலாகவே இருக்கிறது. நான் மேகம் மிகுதி என்று எண்ணியிருந்த குறைவுக்கு அந்த மங்கலே ஒரு பகுதிக் காரணம் என்று இப்போது தோன்றுகிறது.

இன்னும் இரண்டு கேள்விகள் மிஞ்சியிருக்கின்றன. மாதிரி பூமியின் பரப்பைப் பிரித்துக்கொள்ளும் கட்டங்களில், நூறு கிலோமீட்டருக்கும் மேல் அகலமான ஒன்றை ஒற்றை நிலையத்தோடு ஒப்பிடும்போது, கட்டத்துக்குள் கடலும் பனியும் கலந்திருந்தால் என்ன செய்வது? இடைவெளிகளை நிரப்ப கடந்தகால வானிலையை அளவீடுகளையும் மாதிரியையும் இணைத்து மீண்டும் கணக்கிடும் ஈ.ஆர்.ஏ.5 மீள்பகுப்பாய்வை ஆதாரமாகக் கொள்ளலாமா?


மறுமொழி
எழுதியவர்: தொலைமுனை

ஈ.ஆர்.ஏ.5 பற்றிய கேள்விக்கு என் விடை: ஆதாரமாகக் கொள்ளாதீர்கள், இன்னொரு மாதிரியாக அருகில் நிறுத்தி வையுங்கள். காற்றழுத்தம், வெப்பநிலை, காற்று ஆகியவற்றுக்கு அது அளவீடுகளை உள்வாங்குகிறது. தரைக் கதிர்வீச்சை உள்வாங்குவதில்லை. அந்த அளவு அதன் சொந்த மேகக் கணக்கீட்டிலிருந்தே பிறக்கிறது. அதில் உங்களுக்குக் கிடைக்கும் உண்மையான நன்மை வேறு. அதன் வானிலை உண்மை வானிலையோடு நாள்தோறும் ஒத்துப்போவதால், நிலையத்தோடு நாள் நாளாக ஒப்பிட்டு, எந்த வகை வானிலையில் பிழை வருகிறது என்று பார்க்கலாம். சிமிப் மாதிரியின் 2005 டிசம்பர் 14-க்கும் உண்மையான 2005 டிசம்பர் 14-க்கும் யாதொரு தொடர்பும் இல்லை என்பதால், அங்கே பல ஆண்டுச் சராசரிகளை மட்டுமே ஒப்பிட முடியும்.

கடலும் பனியும் கலந்த கட்டத்துக்கு வருகிறேன். முகில்நோக்கி தந்த அதே வாய்பாட்டில், திருப்புதிறன் 0.5 உடைய மேகத்தை எதிரொளிதிறன் 0.06 உடைய திறந்த கடலின் மேல் வைத்துப் பாருங்கள். 0.8 உடைய பனியின் மேல் அதே மேகத்தின் கீழ் விழும் ஒளி, கடலின் மேல் விழுவதைவிட ஏறத்தாழ 60 விழுக்காடு அதிகம். நியூமாயர் நிலையம் எக்ஸ்ட்ரோம் பனித்தட்டின் மேல், கடலுக்கு அருகே இருக்கிறது. மாதிரியின் கட்டம் அந்த இடத்தைக் கடலென்று வகுத்திருந்தால், மேகம் முற்றிலும் சரியாக இருந்தாலும் உங்களுக்குப் பெரிய குறைவு கிடைக்கும். ஆகவே அருகிலுள்ள கட்டத்தைக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்காமல், மாதிரியின் நிலப்பங்கையும் பனிப்பங்கையும் பார்த்து, நிலையம் நிற்கும் பரப்புக்கு ஒத்த கட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். தேர்ந்த கட்டத்தின் உயரத்தையும் நிலையத்தின் உயரத்தோடு ஒப்பிடுங்கள். செங்குத்தாக இறங்கும் கடலோரச் சரிவுகளை மாதிரிகள் மழுக்கிவிடுகின்றன.

இது தொடர்பாக இன்னொரு பரிந்துரை. கடலும் வளியும் இணைந்து இயங்கும் வரலாற்று ஓட்டங்களை (கடந்தகாலத்துக்காக மாதிரியை இயக்கிப் பெறும் கணக்கீடுகளை) மட்டும் பார்க்காமல், கடல் வெப்பநிலையும் கடற்பனியும் அளவீட்டிலிருந்து தரப்படும் ‘ஏமிப்’ வகை ஓட்டங்களையும் எடுத்துக்கொள்ளுங்கள். இணைந்த ஓட்டத்தில் கடற்பனி தவறான இடத்தில் இருந்தாலே கீழ்நோக்கிய கதிர்வீச்சு மாறிவிடும். இரண்டு ஓட்டங்களிலும் விலகல் ஒன்றுபோல இருந்தால் குறை வளிமண்டலத்தில் இருக்கிறது; ஏமிப் ஓட்டத்தில் மறைந்துவிட்டால் கடற்பனியில் இருக்கிறது. வட துருவத்தில், அதிலும் உருகுநீர்க் குட்டைகள் தோன்றிப் பனியின் எதிரொளிதிறன் சரியும் ஜூன், ஜூலை மாதங்களில், இந்தப் பிரிப்பு இன்றியமையாதது. நடுக்கடற்பனியில் நிலையான நிலையம் எதுவும் இல்லை. 1997-98-இல் நடந்த ஷீபா பயணமும், போலார்ஸ்டெர்ன் கப்பல் பனியோடு மிதந்த 2019-20-இன் மோசாயிக் பயணமும் தந்த ஓராண்டுத் தொடர்கள்தான் அங்கே நமக்கிருக்கும் அரிய அளவீடுகள். ஓராண்டு என்பதால் சராசரி விலகலுக்கு அவை உதவா; பனி உருகும் பருவத்தில் எதிரொளிதிறன் எப்படி இறங்குகிறது என்ற போக்கைச் சோதிக்க அவற்றைவிடச் சிறந்தது இல்லை.

நாள்காட்டியையும் பார்த்துவிடுங்கள். ஹேட்ஜெம்3, யூ.கே.இ.எஸ்.எம்.1 ஆகிய மாதிரிகள் ஆண்டுக்கு 360 நாள்கள் கொண்டு இயங்குபவை. வேறு அகலாங்குகளில் இது பொருட்டே இல்லை. கதிரளவி காட்டிய மார்ச் மாத ஏற்றத்தில் ஓரிரு நாள் நகர்வுகூட எண்ணாகத் தெரியும். மாதிரியின் வளிமண்டல உச்சிக் கதிர்வீச்சையும் நீங்களே கணக்கிட்ட உச்சிக் கதிர்வீச்சையும் முதலில் ஒப்பிட்டால் இது உடனே வெளிப்பட்டுவிடும். டிசம்பர் கதிர்த்திருப்ப நாளில் தென்துருவத்தின் உச்சியில் நாள் சராசரி ஏறத்தாழ 560 வாட், ஜூன் கதிர்த்திருப்ப நாளில் வடதுருவத்தில் ஏறத்தாழ 525 வாட் வர வேண்டும். ஜனவரித் தொடக்கத்தில் பூமி சூரியனுக்கு மிக அருகே வருவதுதான் இந்த வேறுபாட்டுக்குக் காரணம். இந்த அடிப்படை எண்களே பிசகியிருந்தால் மேற்கொண்டு போவதில் பயனில்லை.

விழுக்காட்டுப் பிழை வேண்டவே வேண்டாம் என்பது என் கருத்து. துருவ இரவின் விளிம்பில் மிகச் சிறிய எண்ணால் வகுத்துக் கிடைக்கும் பெரிய விழுக்காடு, ஆற்றல் கணக்கில் ஒன்றுமே இல்லை. சதுர மீட்டருக்கு எத்தனை வாட் என்றே எழுதுங்கள். தேவையென்றால் உச்சிக் கதிர்வீச்சோடு உள்ள விகிதத்தை உடன் தாருங்கள். நீண்டகாலப் போக்குகளை இந்த இயலில் தொட வேண்டாம் என்றும் சொல்வேன். பேரோ, நீ-ஓலெசுண்ட், நியூமாயர், தென்துருவம் ஆகியவற்றின் தொடர்கள் 1992-இல் தொடங்குகின்றன. சிமிப்6-இன் வரலாற்று ஓட்டம் 2014-இல் முடிகிறது. அந்த 23 ஆண்டுகளில் வானிலையின் இயல்பான ஏற்ற இறக்கமே ஒரு நிலையத்தின் போக்கை எந்தத் திசையிலும் திருப்பிவிடப் போதுமானது. ஒரே மாதிரியின் பல ஓட்டங்களை அடுக்கி, அவற்றின் பரவலுக்குள் நிலையம் விழுகிறதா என்று பார்க்கும் வேலை தனி இயலுக்கு உரியது.

நீ-ஓலெசுண்டை மட்டும் சராசரியிலிருந்து நீக்கிவிடுவதே நல்லது. ஃபியோர்டும் மலைகளும் பனியாறும் கடலும் ஒரே கட்டத்துக்குள் அடங்கும் இடம் அது.


மறுமொழி
எழுதியவர்: கதிரளவி

கடைசிப் பத்தியோடு மட்டும் நான் உடன்படவில்லை. நீ-ஓலெசுண்டின் மேல்நோக்கிய கதிர்வீச்சைக் கட்டத்தோடு ஒப்பிட வேண்டாம் என்பது சரி. கருவியின் கீழுள்ள துந்திரா நிலத்தில் பனி உருகும் நாளுக்கும் கட்டத்தின் சராசரிப் பரப்புக்கும் பொருத்தம் இருக்காது. ஆனால் கீழ்நோக்கிய அளவை முற்றாகக் கைவிடுவது பெரிய இழப்பு. துருவப் பகுதியில் 30 ஆண்டுகளுக்கும் மேல் நீளும் தொடர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. மலைகள் எந்தத் திசையில் எவ்வளவு உயரத்துக்கு அடிவானத்தை மறைக்கின்றன என்பது கணக்கிடக்கூடியதே. சூரியன் அந்த மறைப்புக்கு மேலே இருக்கும் நேரங்களில், வானம் தெளிந்திருக்கும் நிமிடங்களை மட்டும் பிரித்தெடுத்து, அவற்றின் நேர்க்கதிரை ஒப்பீட்டுக்குப் பயன்படுத்தலாம். நேர்க்கதிர் தரையின் எதிரொளிதிறனைச் சார்ந்ததல்ல என்பதால் கலப்புக் கட்டத்தின் சிக்கல் அங்கே எழுவதில்லை. இளவேனிலில் வட துருவத்தை அடையும் புகைமூட்டத்தை மாதிரியின் நுண்துகள் அளவு சரியாகப் பிடிக்கிறதா என்று சோதிக்க, மார்ச் முதல் மே வரையிலான அந்த நிமிடங்கள் மிகவும் பொருத்தமானவை. சிமிப் தொகுப்பில் எல்லா மாதிரிகளும் நேர்க்கதிரைத் தனியே தருவதில்லை. தராத மாதிரிகளுக்கு, மேகமற்ற வானத்துக்கான மொத்த அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அப்போது எதிரொளிதிறனின் பங்கு சிறிதளவு உள்ளே வந்துவிடும் என்பதைப் படத்தின் கீழேயே எழுதிவிடுங்கள்.